கிண்ணத்தில் பொருந்திய நிறம் சோபாவில் ஏன் பொருந்தவில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பத்து வருடப் பழைய டான் நிற (மஞ்சள் சாய்ந்த வெளிர் பிரவுன்) லெதர் சோபா. கைப்பிடிகளும் தலை சாய்க்கும் இடமும் வெளுத்துவிட்டன. தண்ணீர் அடிப்படையிலான லெதர் கலரில் மஞ்சள், சிவப்பு பிரவுன், கறுப்பு, வெள்ளை என்று நான்கு பாட்டில் வாங்கிக் கலக்கினீர்கள். கிண்ணத்தில் பார்த்தபோது அச்சு அசலாக இருந்தது. பூசிக் காய்ந்ததும் கருத்துப்போய், லேசாகப் பச்சை தட்டிவிட்டது. "எதில் எத்தனை சொட்டு?" என்று கேட்கிறீர்கள். சொட்டுக் கணக்கை எழுதித் தருவது சுலபம், ஆனால் அது உங்களுக்கு உதவாது. ஒரு கம்பெனியின் கறுப்பு இன்னொரு கம்பெனியின் கறுப்பைவிட இரண்டு மடங்கு காட்டமாக இருக்கலாம். சொட்டின் அளவும் பாட்டில் மூக்கைப் பொறுத்து மாறும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு இரண்டு: காய்ந்ததும் நிறம் ஏன் மாறியது, அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது. இரண்டுக்கும் சந்தேகமில்லாத பதில் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. சோபாவின் அடிப்பக்கத்தில் ஸ்டேபிள் அடித்து மடித்திருக்கும் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். பின்பக்கம் நூல் நெய்த துணியாக இருந்தால் அது தோல் அல்ல, ரெக்சின். மேல்தோல் பொரிந்து உரியத் தொடங்கிய ரெக்சினுக்கு எந்தக் கலரும் நிலைக்காது, பணத்தை மிச்சப்படுத்துங்கள். பின்பக்கம் மெல்லிய நார் நாராக, வெல்வெட் போல இருந்தால் தோல். (தோல் தூளை அரைத்துப் பசையோடு சேர்த்து ஒட்டிய சரக்கும் உண்டு. அது தோல் என்ற பெயரில் விற்றாலும் ரெக்சினைப் போலத்தான் உரியும்.) தோல்தான் என்றால், மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். மேலேயே முத்தாக நின்றால் பிக்மென்ட், அதாவது நிறத்துகள் பூசிய தோல். வீட்டுச் சோபாவிலும் கார் சீட்டிலும் பெரும்பாலும் இதுதான். கீழே நான் சொல்வதெல்லாம் முதலில் இதற்குத்தான் பொருந்தும். தண்ணீர் உள்ளே இறங்கிக் கருத்தால் அது அனிலின் வகை (மேலே பூச்சு இல்லாமல் சாயம் ஊறிய தோல்), அல்லது பூச்சு முழுக்கத் தேய்ந்துபோன இடம். அனிலினின் கதை வேறு, பிறகு வருகிறேன்.

இனி முதல் கேள்வி. தண்ணீர் அடிப்படையிலான லெதர் கலர் என்பது நிறத்துகளும், அதைத் தோலோடு பிடித்து நிறுத்தும் அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் பைண்டரும் தண்ணீரில் கலந்த, பால் போன்ற திரவம். ஈரமாக இருக்கும்போது பைண்டர் துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன, அதனால் கலவை முழுவதும் ஒரு வெண்மை படர்ந்து தெரியும். தண்ணீர் ஆவியானதும் துளிகள் ஒன்றோடொன்று இணைந்து கண்ணாடி போலத் தெளிந்த படலமாகின்றன. வெண்மை போய்விடும், நிறம் ஒரு படி கருக்கும். இதோடு முடியவில்லை. நிறத்துக்கு மேலே காப்பாக அடிக்கும் நிறமற்ற டாப் கோட் பளபளப்பாக இருந்தால் நிறம் இன்னும் ஆழமாகத் தெரியும். மேட் டாப் கோட் என்றால் லேசாக வெளுத்து, சாம்பல் தட்டியது போலத் தெரியும். ஆகவே கிண்ணத்தில் இருக்கும் ஈரக் கலவையை சோபாவோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஒப்பிட வேண்டியது காய்ந்து, டாப் கோட்டும் ஏறிய நிறத்தை மட்டுமே.

பச்சைக்குக் காரணம் கறுப்பு. கறுப்பு பிக்மென்ட் பெரும்பாலும் கார்பன். மெல்லியதாகப் பரவும்போது அது நீலம் சாய்ந்து நடந்துகொள்ளும். மஞ்சள் அதிகமுள்ள டான் கலவையில் கறுப்பு விழுந்தால் பாசி நிறம் எட்டிப்பார்ப்பது இதனால்தான். அதைப் பார்த்துப் பயந்து வெள்ளை சேர்ப்பவர்கள் அதிகம். வெள்ளையும் கறுப்பும் சேர்ந்தால் சாம்பல், சாம்பல் மஞ்சளோடு சேர்ந்தால் சேறு. உங்கள் கிண்ணத்திலும் இதுதான் நடந்திருக்க வேண்டும். டானைக் கருக்க வேண்டுமானால் முதலில் சிவப்பு பிரவுனைக் கூட்டுங்கள், அதற்குப் பிறகும் போதாவிட்டால் மட்டுமே கறுப்பு. அம்பர் (umber) என்று விற்கும் அடர் பிரவுன் கிடைத்தால் கறுப்பைத் தொடவே வேண்டாம்.

டான், கேமல், செங்காவி, சாக்லேட் எல்லாம் ஒரே குடும்பம். மஞ்சள் ஆக்சைடு, ரெட் ஆக்சைடு, கறுப்பு, வெள்ளை ஆகிய நான்கும் வெவ்வேறு அளவில் சேர்ந்ததுதான் அவை. பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரையில் இருக்கும் அதே இரும்பு ஆக்சைடுதான் இங்கேயும். வெயிலுக்கு அசைந்துகொடுக்காத நிறம் அது. நீங்கள் வாங்கியிருக்கும் மஞ்சள் எலுமிச்சை போலப் பளிச்சென்று இருந்தால் அது வேறு வகை. அதற்குப் பதில் காவி மஞ்சள், அதாவது மஞ்சள் ஆக்சைடு வாங்குங்கள். பளிச் மஞ்சளை மட்டுப்படுத்தவே பாதிக் கலவை செலவாகிவிடும்.

தராசு இல்லாமல் தொடங்க வேண்டாம். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போல 0.01 கிராம் காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்று போதும். அடுத்து, கறுப்பை அப்படியே பயன்படுத்தாதீர்கள். 1 கிராம் கறுப்பை 9 கிராம் நிறமில்லாத பைண்டரில் கலந்து தனி பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். இனி இதுதான் உங்கள் கறுப்பு. ஒரு சொட்டு தவறி விழுந்தாலும் கலவை பாழாகாது. சோதனைக்கு 50 கிராம் எடுத்தால் போதும். டானுக்குத் தொடக்கமாக மஞ்சள் ஆக்சைடு 33 கிராம், ரெட் ஆக்சைடு 9, வெள்ளை 5, நீர்த்த கறுப்பு 3. இது வாய்ப்பாடு அல்ல, புறப்படும் இடம் மட்டுமே. இங்கிருந்து உங்கள் சோபாவின் நிறத்துக்குப் போகும் வழி உங்கள் பாட்டில்களைப் பொறுத்தது. வெளிர் நிறத்தைக் கிண்ணத்தில் முதலில் ஊற்றி, அடர் நிறத்தை அதில் சேர்க்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் ரெட் ஆக்சைடை மஞ்சளாக்க ஒரு லிட்டர் மஞ்சள் கேட்கும், ஏனென்றால் சிவப்பு ஆக்சைடின் சாயமேற்றும் வலு மஞ்சளைவிட அதிகம். ஒவ்வொரு முறையும் அரை கிராம் அளவில் சேர்த்து, ஒரு நிமிடம் நன்றாகக் கலக்கி, கிண்ணத்தின் ஓரத்தையும் வழித்துவிட்டு, சேர்த்ததை உடனே நோட்டில் எழுதுங்கள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், கடைசியில் நிறம் கிடைத்திருக்கும், கணக்கு இருக்காது.

எதை எப்படித் திருத்துவது என்று பார்ப்போம். முதலில் வெளிர்வு, அடர்வைச் சரிசெய்யுங்கள், பிறகு சிவப்பா மஞ்சளா என்ற சாய்வை, கடைசியில் பளிச்சென்று இருக்கிறதா மங்கியிருக்கிறதா என்பதை. மூன்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் வட்டமடித்துக்கொண்டே இருப்பீர்கள். பச்சை தட்டினால் ரெட் ஆக்சைடு. சிவந்துவிட்டால் மஞ்சள் ஆக்சைடு. நிறம் சரியாக இருந்து பளிச் மட்டும் அதிகமென்றால் எதிர் நிறத்தில் ஒரு துளி, அதாவது ஆரஞ்சு சாய்ந்த டானுக்கு நீலம். அதையும் கறுப்பைப் போலவே நீர்த்துச் சேர்க்க வேண்டும். நிறத்தை வெளிறச் செய்ய வெள்ளைக்கு முன்னால் மஞ்சளை முயலுங்கள். வெள்ளை சேர்த்தால் அது டானைச் சுண்ணாம்பு பூசியது போலக் குளிர்ச்சியாக்கிவிடும். கலவை மிகவும் கருத்துவிட்டால் அதில் வெள்ளையை ஊற்றிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். புதிதாக வெளிர் கலவை ஒன்று செய்து, கருத்ததை அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் பாதிப் பொருளில் முடியும். சேறாகிப் போன கலவைக்கு மட்டும் மீட்சி கிடையாது. எதைச் சேர்த்தாலும் இன்னும் மங்கும். அந்த நீலத் துளி போக, இன்னும் வேறு வேறு நிறத்தைத் தேடிப் போகும் நிலை வந்தாலே அது கொட்டிவிட்டுத் தொடங்கச் சொல்லும் அறிகுறி.

சரிபார்க்கும் இடம் காகிதம் அல்ல, சோபாவேதான். வெளுக்காத, சுத்தம் செய்த ஓர் இடத்தில் விரலால் ஒரு சிறிய பொட்டு வையுங்கள். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து முழுக்கக் காயவிடுங்கள். மேலே பாதிப் பொட்டுக்கு மட்டும் டாப் கோட் தொட்டு, அதையும் காயவிடுங்கள். நிறம் பொருந்தியிருந்தால் டாப் கோட் ஏறிய பாதி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகும். தெரிந்தால், எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதை அதுவே சொல்லும். பார்த்த கையோடு ஈரத்துணியில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மென்மையாகத் துடைத்துவிடுங்கள். பழைய பூச்சு வருமளவுக்குத் தேய்க்க வேண்டாம். பெரிய பரப்பில் பார்க்க வேண்டுமானால் வெள்ளை அட்டையில் இரண்டு ரூபாய் நாணய அளவுக்கு ஓட்டை வெட்டி, அதன் வழியாகப் பாருங்கள். பக்கத்து நிறங்கள் கண்ணை ஏமாற்றாமல் இருக்கும். அதே நிறத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் மரத்துப்போகும், அவ்வப்போது சாம்பல் நிறத்தையோ வெறும் சுவரையோ பாருங்கள்.

வெளிச்சம் இதில் பாதி வேலை. காலை 10 மணி முதல் மாலை 3 மணி வரை, நேர் வெயில் விழாத ஜன்னலோரம் நல்லது. அங்கே பொருந்திய நிறத்தை, இரவில் அந்த அறையில் எரியும் விளக்கிலும் பாருங்கள். பகலில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறங்கள் மஞ்சள் எல்இடியில் தனித்தனியாகப் பிரிந்து நிற்பதுண்டு. நீங்கள் பயன்படுத்திய பிக்மென்ட்டும் தொழிற்சாலை பயன்படுத்தியதும் வேறாக இருக்கும்போது இப்படி ஆகும். ஆக்சைடு நிறங்களிலேயே கலவையை வைத்துக்கொண்டால் டான் வகைகளில் இந்தத் தொல்லை குறையும். முழுக்கத் தீராது. இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும் என்றால், அந்த அறையில் நீங்கள் அதிகம் உட்காரும் நேரத்து வெளிச்சத்துக்குப் பொருத்துங்கள்.

எந்த நிறத்தைப் பிடிப்பது என்பதிலும் தடுமாற்றம் வரும். குஷனைத் தூக்கினால் அடியில் தெரிவது பத்து வருடத்துக்கு முந்தைய நிறம். முதுகுப் பகுதியில் தெரிவது இன்றைய நிறம். சோபா முழுவதையும் பூசுவதாக இருந்தால் அடியில் இருப்பதைப் பிடியுங்கள். கைப்பிடிகளை மட்டும் பூசுவதாக இருந்தால் அதை ஒட்டியிருக்கும் துண்டின் இன்றைய நிறம்தான் இலக்கு. ஒரு துண்டைப் பூசத் தொடங்கினால் தையலில் இருந்து தையல் வரை முழுதாகப் பூச வேண்டும். நடுவில் நிறுத்தினால் இம்மியளவு வித்தியாசமும் கோடாகத் தெரியும். தையலில் முடிந்தால் அதே வித்தியாசத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். எதுவானாலும் முதலில் அழுக்கு போக வேண்டும். கை, தலை எண்ணெய் ஊறிய தோல் உண்மை நிறத்தைவிட மஞ்சளாகவும் கருப்பாகவும் தெரியும். அழுக்கோடு நிறம் பிடித்துவிட்டுப் பிறகு சுத்தம் செய்தால் அத்தனை கலவையும் வீண். லெதர் கிளீனர், பிறகு ஆல்கஹால், அதன் பின் 600 எண் எமரி ஷீட்டால் பழைய பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்ப்பது. இடையில் எப்போதாவது ஷூ பாலிஷோ கார் டாஷ்போர்டு பாலிஷோ போட்டிருந்தால் கூடுதல் கவனம் தேவை. பாலிஷில் உள்ள மெழுகும் சிலிக்கானும் இருக்கும் இடத்தில் கலர் பரவாமல் சின்னச் சின்ன வட்டமாக விலகி நிற்கும். இரண்டு மூன்று முறை புதுத்துணி மாற்றி மாற்றித் துடைக்க வேண்டியிருக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பெயின்ட் ஸ்டெயினரை நிறம் திருத்தச் சேர்ப்பவர்களும் உண்டு, அது வேண்டாம். அதில் பைண்டர் இல்லை. கொஞ்சம் கூடினாலும் படலம் பிசுபிசுத்து, உட்காருபவர் வேட்டியில் ஒட்டும்.

இவ்வளவும் செய்தும் நிறம் ஏதோ போல் இருந்தால், சோபா இருநிறத் தோலா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பல சோபாக்களில் அடியில் வெளிர் டான், மேலே அடர் பிரவுன் மெல்லிய தூறலாக அடித்திருப்பார்கள். சுருக்கங்களின் பள்ளத்தில் ஒரு நிறமும் மேட்டில் வேறு நிறமும் தெரியும். இதை ஒற்றைக் கலவையால் எந்த வித்தகராலும் பிடிக்க முடியாது. வெளிர் நிறத்தை அடிப்பூச்சாகப் பிடித்து, அடர் நிறத்தைத் தனியே நீர்த்து, ஸ்ப்ரேயில் தூரத்தில் இருந்து அடிக்க வேண்டும்.

அனிலின் தோலுக்கும், பை, பெல்ட், செருப்புக்கு வரும் தாவரப் பதனீட்டுத் தோலுக்கும் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அங்கே பூசுவது பிக்மென்ட் அல்ல, சாயம். பிக்மென்ட் மேலே படிந்து அடியை மறைக்கும், சாயம் உள்ளே இறங்கி அடியைக் காட்டும். எனவே தோலின் சொந்த நிறமும் கலவையில் ஒரு பங்கு. வெள்ளைச் சாயம் என்று ஒன்று இல்லை, வெளிர் நிறம் வேண்டுமானால் அதே கம்பெனியின் ரெட்யூசரை ஊற்றி நீர்க்க வேண்டியதுதான். ஏற்கெனவே இருப்பதைவிட வெளிறச் செய்யவும் முடியாது. காயும்போது நடப்பதும் நேர் எதிர்: ஸ்பிரிட் (ஆல்கஹால்) சாயம் ஈரத்தில் அடர்ந்து தெரியும், காய்ந்தால் வெளிறும், மேலே எண்ணெயோ மெழுகோ ஏறினால் மறுபடி கருக்கும். ஒரே தோலில் முதுகுப் பகுதி குறைவாகவும் வயிற்றுப் பகுதி அதிகமாகவும் உறிஞ்சும், ஆகவே வயிற்றுத் துண்டில் சோதித்து முதுகுத் துண்டில் பூசினால் ஏமாற்றம்தான். காட்டமான ஒரு கைக்கு (ஒரு சுற்றுப் பூச்சுக்கு) பதிலாக, ஒன்றுக்கு மூன்று என்று நீர்த்து மூன்று நான்கு கை கொடுத்தால் திட்டு விழாது. அளவுக்கு மீறி ஏறிய சாயம் மேலே செம்புப் பளபளப்பாகத் தங்கித் துணியில் ஒட்டும், காய்ந்ததும் துணியால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஸ்பிரிட் சாயத்தைத் தண்ணீர்க் கலரில் கலக்கவே கூடாது, பால் திரிவது போலத் திரிந்துவிடும்.

நம் ஊர்த் தோலில் இன்னொரு விஷயம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் படப்படச் சிவக்கும். அந்தச் சிவப்பைக் குறைக்கவே கடைசியில் கடுக்காய்க் கரைசல் காட்டுவார்கள். இப்படிப்பட்ட தோலில் இன்று பிடித்த நிறம் சில மாதங்களில் தானாகச் சிவப்பு பக்கம் நகரும். அதனால் சிவப்பை ஒரு படி குறைத்தே கலக்குவது நல்லது. இரும்புக் கிண்ணம், இரும்புக் கம்பிச் சுருள் எதையும் இதன் அருகே கொண்டுவராதீர்கள். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மசி போலக் கறுக்கும். அந்தக் கறை எளிதில் போகாது.

மறுபடி உங்கள் சோபாவுக்கு. எவ்வளவு கலர் தேவை என்று யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள், நீங்களே அளந்துவிடலாம். ஒரு கைப்பிடியை முழுதாகப் பூசி முடிக்கும் முன்னும் பின்னும் கிண்ணத்தை எடை போடுங்கள். ஆன கிராமைப் பரப்புக்குத் தக்கபடி பெருக்கி, கால் பங்கு கூட்டி, மொத்தத்தையும் ஒரே பாத்திரத்தில் ஒரே முறையில் கலக்குங்கள். வேலை பாதியில் கலவை தீர்ந்து மறுபடி கலக்கினால், தராசு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இரண்டும் ஒன்றாகாது. பழைய காலுறை நைலானில் ஒருமுறை வடிகட்டிவிட்டு, முதல் கையை ஸ்பாஞ்சால் அழுத்தித் தேய்த்தும், அடுத்த மூன்று நான்கு கைகளை மெல்லியதாகவும் கொடுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. மழைக்காலத்தில் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். கடைசிக் கை எல்லாத் துண்டுகளிலும் ஒரே முறையில் இருக்கட்டும், ஒன்றில் ஸ்ப்ரேயும் இன்னொன்றில் ஸ்பாஞ்சும் என்றால் ஒரே கலவை இரண்டு நிறமாகத் தெரியும். டாப் கோட்டில் ஹார்டனர் (படலத்தை இறுக வைக்கும் பொருள்) சேர்ப்பதாக இருந்தால் பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தைத் தாண்டாதீர்கள், அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள், கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். சில ஹார்டனர்கள் தோலிலும் மூச்சுக்குழாயிலும் நிரந்தர ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. ஒருநாள் கழித்து உட்காரலாம், முதல் இரண்டு வாரம் ஈரத்துணி வேண்டாம்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து நிறம் சொல்லக் கேட்டிருந்தீர்கள். போன் கேமரா ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் நிறத்தைத் தானே திருத்திக்கொள்ளும், அதை நம்பிக் கலவை சொல்வது உங்களைத் திசைதிருப்புவதாகும். கைப்பிடியின் பூச்சு எத்தனை வருடம் தாங்கும் என்பது சுத்தம் செய்ததின் தரத்தையும் கை வியர்வையையும் பொறுத்தது. எண்ணெய் ஆழமாக ஊறிய இடத்தில் ஓராண்டிலேயே விட்டுப்போக வாய்ப்புண்டு. பழைய பூச்சின் கீழே தோல் விறைத்து வெடித்திருந்தால் அது நிறத்தால் தீரும் பிரச்சினை அல்ல, முதலில் வெடிப்பை அடைக்கும் ஃபில்லர் வேலை.

முடித்தபின் மிஞ்சிய கலவையில் ஹார்டனர் சேர்க்காமல், கழுத்து வரை நிரம்பும் சிறிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி மூடிவையுங்கள். பாட்டிலில் காற்று இடம் அதிகமிருந்தால் மேலே ஆடை படியும். அதே கலவையை ஓர் அட்டையில் பூசி டாப் கோட் அடித்து, பின்பக்கம் ஒவ்வொரு நிறத்தின் கிராமும், பாட்டிலின் பெயரும், தேதியும் எழுதி பாட்டிலோடு கட்டிவையுங்கள். அடுத்த வருடம் கைப்பிடியில் கீறல் விழுந்தால், பாட்டிலைக் குலுக்கி, வடிகட்டி, அந்த அட்டையில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டுப் பாருங்கள். அட்டையோடு ஒத்துப்போனால்தான் சோபாவில் தொட வேண்டும்.